யமஹா எஸ்ஆர்400: செல்ஃப் ஸ்டார்ட்டே இல்லாமல் 43 வருஷம் ஓடிய வண்டி

பழைய ஜப்பான் பைக் என்று பேச்செடுத்தாலே ஹோண்டா சிபி750, கவாசாகி இசட்1 என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். ஆரம்பிக்கட்டும், தப்பில்லை. ஆனால் அவற்றை வாங்கி வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் மழை வந்தால் வண்டியை எடுக்க மாட்டார்கள், வெயில் அடித்தாலும் யோசிப்பார்கள், விலை அப்படி. தினமும் வேலைக்கு எடுத்துப்போய், சாயங்காலம் வாசலில் நிறுத்தி, ஞாயிற்றுக்கிழமை நாமே டேப்பெட் (வால்வு இடைவெளி) அட்ஜஸ்ட் பண்ணி ஓட்டக்கூடிய ஒரு பழைய ஜப்பான் வண்டி வேண்டுமென்றால் எனக்குத் தெரிந்து யமஹா எஸ்ஆர்400 ஒன்றுதான் மிச்சம். 1978-ல் வந்தது, 2021-ல் நிறுத்தினார்கள். நடுவில் எவ்வளவோ மாறியும் ஒன்று மட்டும் மாறவில்லை: முதல் வண்டியிலும் செல்ஃப் ஸ்டார்ட் இல்லை, கடைசி வண்டியிலும் இல்லை. கிக் மட்டும்தான்.

வேகத்துக்காக வண்டி தேடுகிறவர்கள் இங்கேயே கழன்றுகொள்ளலாம். ஒற்றை சிலிண்டர், இரண்டு வால்வு, காற்றில் ஆறும் எஞ்சின், ஐந்து கியர். கடைசியாக வந்த வண்டிக்கு 24 குதிரைத்திறன், எடை 175 கிலோ. இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு இதற்கா இவ்வளவு பேச்சு என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

வந்த காலத்தைப் பார்த்தால்தான் இந்த வண்டி எவ்வளவு விசித்திரம் என்று தெரியும். 1969-ல் ஹோண்டா நாலு சிலிண்டர், நாலு சைலன்சர், முன்னால் டிஸ்க் பிரேக் என்று சிபி750-ஐ இறக்கி உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்துவிட்டது. 1972-ல் கவாசாகி 903 சிசி, 82 குதிரைத்திறன் என்று இசட்1-ஐ இறக்கியது. சுசுகியோ இரண்டு ஸ்ட்ரோக் மூணு சிலிண்டருக்குத் தண்ணீர் குளிரூட்டல் வைத்து ஜிடி750 செய்தது. எல்லோரும் சிலிண்டரைக் கூட்டிக்கொண்டே போன அந்த ஓட்டத்தில், ஒற்றை சிலிண்டர் ரோடு பைக் ஒன்றை யமஹா புதிதாகக் கொண்டுவந்தது. எஞ்சின் மட்டும் வானத்திலிருந்து குதிக்கவில்லை. 1976-ல் வந்த எக்ஸ்டி500 என்ற காட்டுப்பாதை வண்டியின் எஞ்சின் அது. 1979-ல் முதல் பாரிஸ்–டக்கார் பாலைவன ஓட்டத்தில் ஜெயித்ததும் அந்த எக்ஸ்டிதான். அந்த முரட்டு எஞ்சினை எடுத்து ஒல்லியான ரோடு ஃப்ரேமில் உட்கார வைத்தால் எஸ்ஆர்.

500, 400 என்று இரண்டு அளவில் வந்தது. 400 எதற்கு என்றால், ஜப்பானில் 1975-ல் லைசென்ஸ் விதியை மாற்றினார்கள். 400 சிசிக்கு மேல் ஓட்டத் தனி லைசென்ஸ் வேண்டும், அதற்கான தேர்வோ சாதாரணமாகப் பாஸ் பண்ணக்கூடியதாக இல்லை. அதனால் ஜப்பான் கம்பெனிகள் எல்லாமே 400 சிசியில் ஒரு வண்டி வைத்தாக வேண்டும். யமஹா செய்தது எளிய காரியம்: 87 மில்லிமீட்டர் பிஸ்டனை அப்படியே விட்டுவிட்டு, ஸ்ட்ரோக்கை, அதாவது பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரத்தை மட்டும் 84-லிருந்து 67.2 ஆகக் குறைத்தது. 500-ல் அடியிலிருந்தே இழுக்கிற அந்த ‘டப் டப்’ சுகம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 400 கொஞ்சம் சுறுசுறுப்பாகச் சுற்றும், காலையில் கிக்கரும் அவ்வளவு கோபமாகத் திருப்பி அடிக்காது. தினசரி ஓட்ட எனக்கு 400 போதும்.

சரி, கிக்குக்கு வருவோம், எல்லோரும் பயப்படுவது அதற்குத்தானே. முழங்கால் பலம் வேண்டும், ஆள் வாட்டசாட்டமாக இருக்க வேண்டும் என்றெல்லாம் சொல்வது கட்டுக்கதை. ஒல்லியான ஆட்கள் சத்தமில்லாமல் ஒரே உதையில் கிளப்பிவிட்டுப் போவதையும், தாட்டியான ஆள் பத்து உதை உதைத்து வியர்த்துப்போய் நிற்பதையும் பார்த்திருக்கிறேன். முறை தெரிந்தால் போதும். கிக்கரை மெதுவாக அழுத்தினால் ஓரிடத்தில் கல் மாதிரி நின்றுவிடும். பிஸ்டன் அழுத்தத்தின் உச்சிக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அங்கே பலத்தைக் காட்டக் கூடாது. இடது கைப்பக்கம் கிளட்ச்சுக்குக் கீழே ஒரு குட்டி லிவர் இருக்கிறது, அதைப் பிடித்தால் வால்வு லேசாகத் திறந்து அழுத்தம் இறங்கிவிடும். அதைப் பிடித்தபடி கிக்கரை இன்னும் கொஞ்சம் நகர்த்திக்கொண்டே, குனிந்து எஞ்சின் தலையின் வலதுபக்கத்தைப் பார்க்க வேண்டும். சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கண்ணாடி ஜன்னல், உள்ளே கறுப்பாக இருக்கும், சரியான இடம் வந்ததும் வெள்ளியாக ஒரு குறி எட்டிப்பார்க்கும். அவ்வளவுதான். லிவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல், அவசரமில்லாமல் கடைசிவரைக்கும் ஒரே இறக்காக இறக்க வேண்டும். பாதியில் காலை எடுத்தால்தான் அது திருப்பி அடிக்கும். பழகிய பிறகு ஜன்னலையே பார்க்க மாட்டீர்கள், கால் சொல்லிவிடும்.

இதை ஒரு தியானம், சடங்கு என்றெல்லாம் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மழையில், சிக்னலில், பின்னால் லாரி நிற்கும்போது வண்டி அணைந்துபோனால் அங்கே தியானம் ஒன்றும் வராது. ஆனால் இதனால் ஒரு நல்லது நடக்கிறது: எஞ்சின் இன்று எந்த மனநிலையில் இருக்கிறது என்பது தினமும் காலில் தெரிகிறது. அழுத்தம் குறைந்தால் தெரியும், எண்ணெய் கெட்டியாகக் கிடந்தால் தெரியும். பட்டனை அழுத்துகிற வண்டியில் இவையெல்லாம் மெக்கானிக் சொல்லித்தான் நமக்குத் தெரியவரும்.

நான் ஓட்டுவது கார்புரேட்டர் காலத்து வண்டி. எஃப்ஐ வண்டியையும் (கார்புரேட்டருக்குப் பதில் எலக்ட்ரானிக் முறையில் பெட்ரோலைத் தெளிப்பது) நண்பர் ஒருவரிடம் வாங்கி நன்றாகவே ஓட்டிப் பார்த்திருக்கிறேன். எஃப்ஐ குளிர்காலத்தில் சமர்த்து, சோக் இழுக்கிற வேலையே இல்லை. ஆனால் அதில் ஒரு முரண்பாடு இருக்கிறது: பெட்ரோல் பம்புக்குக் கரண்ட் வேண்டும், பேட்டரி சுத்தமாகச் செத்துவிட்டால் கிக்கர் வெறும் அலங்காரம். பழைய வண்டியில் பேட்டரி பலவீனமானாலும் உதைத்துக் கிளப்பிவிடலாம். கிக் மட்டும் வைத்த வண்டி உதைத்தும் கிளம்பாமல் நிற்பது என்ன நியாயம் என்று தெரியவில்லை.

ஓட்டுவது எப்படி? நகரத்திலும் மலைப்பாதையிலும் அருமை. ஒல்லியான வண்டி, இரண்டு முழங்காலுக்கும் நடுவில் டேங்க் இருக்கிறதா என்றே சந்தேகம் வரும், திருப்பங்களில் இடுப்பை லேசாக அசைத்தாலே சாய்ந்துகொள்ளும். மூணாவது கியரில் போட்டுவிட்டு மேட்டில் ஏறும்போது ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியாகக் கேட்கும், பின் டயர் சாலையைப் பிடித்துப் பிடித்துத் தள்ளுவது முதுகில் தெரியும். எனக்கு இந்த வண்டியில் பிடித்ததே அதுதான், மற்றதெல்லாம் அப்புறம். எக்ஸ்பிரஸ்வேயில் ஏறினால் கதை வேறு. 80 வரை சொகுசு. 100-ஐத் தொட்டதும் கண்ணாடியில் பின்னால் வருவது காரா லாரியா என்று ஊகிக்க வேண்டியதுதான், ஒரு மணி நேரம் இப்படிப் போனால் இறங்கிய பிறகும் உள்ளங்கை கிறுகிறுத்துக்கொண்டே இருக்கும். மைலேஜ் நன்றாகவே கிடைக்கிறது, 12 லிட்டர் டேங்க் சிறிது என்று நான் நினைத்ததில்லை.

பிரேக்கைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பழைய நினைவு என்ற பெயரில் ஒரு கம்பெனி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அது சாட்சி. 1978-ல் வந்தபோது முன்னால் டிஸ்க் பிரேக் இருந்தது. 1985-ல் அதைக் கழற்றிவிட்டு டிரம் பிரேக் வைத்தார்கள்! விலையைக் குறைக்க இல்லை, பழைய இங்கிலாந்து வண்டி மாதிரி தெரிய வேண்டும் என்பதற்காக. வண்டிக்கு ஏழு வயது ஆனதும் வேண்டுமென்றே அதை இன்னும் கிழவனாக்கினார்கள். அந்த டிரம் பார்க்க அழகுதான், பளபளவென்று பெரிய வட்டமாக, காற்று போகத் துவாரம் வைத்து. நிறுத்துவதில்தான் சிக்கல். நீண்ட இறக்கத்தில் சூடேறினால் லிவரைப் பிடித்துக்கொண்டு கடவுளையும் கூப்பிட வேண்டும். 2001-ல்தான் டிஸ்க் திரும்பி வந்தது. டிரம் வண்டிதான் அசல் என்று சொல்கிற கூட்டம் ஒன்று உண்டு. அவர்கள் ஓட்டுவதைவிட நிறுத்தி வைத்துப் பார்ப்பது அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

இப்போது தொழிற்சாலை. எஸ்ஆர் பிறந்த ஊர் ஷிசுவோக்கா மாகாணத்தில் இருக்கும் இவாத்தா, ஹமாமத்சுவுக்குப் பக்கத்து ஊர். யமஹா மோட்டார் தலைமையகமும் அங்கேதான். தலைமையகத்தை ஒட்டியே கம்யூனிகேஷன் பிளாசா என்று ஒரு காட்சிக்கூடம் வைத்திருக்கிறார்கள், நுழைவுக் கட்டணம் இல்லை, எஸ்ஆர் வாங்க நினைக்கிறவர்கள் வாங்குவதற்கு முன்னால் ஒரு தடவை போய்வந்தால் இந்த வண்டி ஏன் இப்படி இருக்கிறது என்று பாதி புரிந்துவிடும். விடுமுறை நாட்களைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

அங்கே 1955-ல் செய்த ஒய்ஏ-1 நிற்கிறது. யமஹாவின் முதல் பைக், 125 சிசி, ஜெர்மனியின் டிகேடபிள்யூ ஆர்டி125-ஐப் பார்த்துச் செய்தது, ஜப்பானியர்கள் அதைச் செல்லமாகச் சிவப்புத் தும்பி என்பார்கள். மற்றவர்களின் பைக் எல்லாம் கறுப்பாக இருந்த காலத்தில் இவர்கள் அரக்குச் சிவப்பு அடித்தார்கள். விலை 1,38,000 யென், அன்று காலேஜ் முடித்துவிட்டு வேலைக்குச் சேர்ந்த பையனுக்கு ஒரு வருஷச் சம்பளம் போட்டாலும் பற்றாது. இதைச் செய்தவர்கள் யார் என்றால் ஆர்மோனியமும் பியானோவும் செய்துகொண்டிருந்தவர்கள். 1887-ல் ஹமாமத்சு பள்ளிக்கூடம் ஒன்றில் பழுதான ரீட் ஆர்கனைச் சரி செய்யப் போன தொராக்குசு யமஹா, இதை நாமே செய்யலாமே என்று ஆரம்பித்தது நிப்பான் கக்கி என்ற இசைக்கருவி கம்பெனி. மரவேலை தெரிந்ததால் விமான புரொப்பெல்லர் செய்யும் வேலை வந்தது, போர்க்காலத்தில் உலோக புரொப்பெல்லருக்காக இயந்திரங்கள் வந்தன, போர் முடிந்ததும் அந்த இயந்திரங்கள் சும்மா கிடந்தன. அதை வைத்து என்ன செய்யலாம் என்று யோசித்த தலைவர் கெனிச்சி கவாக்காமி பைக் எஞ்சினில் வந்து நின்றார். வடிவம் போட்டுக் கொடுத்தது ஜிகே என்ற இளம் வடிவமைப்பாளர் குழு. அதன் தலைவர் கெஞ்சி எக்குவான்தான் பின்னாளில் சிவப்பு மூடி போட்ட கிக்கோமான் சோயா சாஸ் பாட்டிலையும் வடிவமைத்தவர்.

எஸ்ஆர் டேங்கை உற்றுப் பார்த்தால் இந்தப் பழைய இசைக்கருவித் தொழில் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பது தெரியும். 1984-ல் ஒரு சிறப்புப் பதிப்புக்கு சன்பர்ஸ்ட் பெயின்ட் அடித்தார்கள். கிதார்களில் பார்த்திருப்பீர்கள், நடுவில் பழுப்பு மின்னி ஓரத்துக்குப் போகப் போக இருண்டுவிடும், அதேதான். அந்த நிறம் கரைகிற இடத்தை மெஷின் அடிக்கவில்லை, ஆள் கையில் ஸ்ப்ரே துப்பாக்கி பிடித்து அடித்தார். 2021-ல் 1,000 வண்டி மட்டும் செய்த கடைசிப் பதிப்பிலும் அதே வேலைப்பாடுதான், டேங்கில் யமஹாவின் சின்னமான மூன்று இசைக்கவையையும் பித்தளையில் வைத்தார்கள். இரண்டு டேங்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இருட்டு தொடங்குகிற கோடு நூலளவு மாறியிருக்கும். அதை ரசிக்கத் தெரியாதவர்கள் குறை என்பார்கள்.

வேறு தொழில் செய்தவர்கள் பைக்குக்கு வருவது அந்த வட்டாரத்துக்கே வழக்கம். சுசுகி 1909-ல் நெசவுத் தறி செய்ய ஆரம்பித்த கம்பெனி, 1952-ல்தான் 36 சிசி எஞ்சினை சைக்கிளில் மாட்டி ‘பவர் ஃப்ரீ’ என்று விற்றது. ஹோண்டாவைத் தொடங்கிய சோயிச்சிரோ ஹோண்டா 1946-ல் ஹமாமத்சுவில் ராணுவ ரேடியோ ஜெனரேட்டரின் குட்டி எஞ்சினை சைக்கிளில் மாட்டினார், முதல் சோதனை வண்டிக்குப் பெட்ரோல் டேங்க் கிடைக்காமல் படுக்கையில் வைக்கும் வெந்நீர்க் குடுவையை வைத்தார். ஐம்பதுகளில் ஜப்பானில் பைக் செய்தவர்கள் நூற்றுக்கும் மேல், ஹமாமத்சு பக்கம் மட்டுமே பத்துக்கணக்கில். லைலாக், தோஹாத்சு, மெகுரோ, ரிக்குவோ என்று எவ்வளவு பெயர்கள்! மெகுரோ கவாசாகிக்குள் கரைந்தது, மற்றவை பைக் செய்வதையே விட்டன. ஹோண்டாவே 2008-ல் ஹமாமத்சு தொழிற்சாலையின் பைக் வேலை முழுவதையும் குமாமோட்டோவுக்கு மாற்றிவிட்டது. இவாத்தாவில் ஒரே வண்டியை 43 வருஷம் செய்தார்கள் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பழைய தோற்றத்தில் புது வண்டி இன்று எல்லோருமே செய்கிறார்கள். கவாசாகி இசட்900ஆர்எஸ் நல்ல வண்டி, எனக்கு அதில் குறையே இல்லை, ஆனால் அது 2017-ல் வந்த நவீன எஞ்சினுக்கு இசட்1 சட்டை போட்டது. எஸ்ஆருக்குப் போட்டியாக ஹோண்டா ஜிபி400, சிபி400எஸ்எஸ் என்று இறக்கிப் பார்த்தது, சுசுகி டெம்ப்டர் என்று ஒன்று கொண்டுவந்தது. நல்ல வண்டிகள், ஒன்றும் நிலைக்கவில்லை. எஸ்ஆர் நிலைத்ததற்குக் காரணம் யமஹாவின் லட்சியம் என்று நான் சொல்ல மாட்டேன், விற்றது, அதனால் செய்தார்கள். இருந்தாலும் அவர்கள் எளிய வழியை எடுக்கவில்லை. 2008-ல் ஜப்பானில் புகை விதிகள் இறுகியதும் நிறுத்திவிட்டு, 2009 கடைசியில் எஃப்ஐ போட்டுக் கொண்டுவந்தார்கள். டேங்கின் வடிவம் கெடக் கூடாது என்று பம்பை சைட் கவருக்குள் ஒளித்தார்கள். 2017-ல் மறுபடி விதி, மறுபடி நிறுத்தம், 2018-ல் மறுபடி வந்தார்கள். கடைசியில் 2021-ல், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயமாகும் நேரத்தில்தான் போதும் என்று விட்டார்கள். அதே வருஷம் ஹோண்டா ஜிபி350 ஜப்பானுக்கு வந்தது. செல்ஃப் ஸ்டார்ட், ஏபிஎஸ், அதே ‘டப் டப்’, விலையும் குறைவு. நேர்மையாகச் சொன்னால் புது வண்டிதான் வேண்டும் என்கிற பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு அதுவே சரியான வண்டி.

மீதி இரண்டு பேருக்கு, செகண்ட் ஹேண்டில் பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை. கார்புரேட்டர் வண்டி என்றால் கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் குழாயை விரலால் அழுத்திப் பாருங்கள். வெடித்திருந்தால் ஐடிலிங் சீராக இருக்காது, ஆக்ஸிலரேட்டரை விட்டால் சைலன்சரில் படபடவென்று வெடிக்கும், விற்பவர் அதுதான் இந்த வண்டியின் குணம் என்பார், நம்பாதீர்கள். இந்த வண்டிக்கு ஆயில் எஞ்சினுக்கு அடியில் நிற்பதில்லை, ஃப்ரேம் குழாய்க்குள் இருக்கிறது. பல நாள் நின்ற வண்டியில் குச்சியை விட்டுப் பார்த்தால் ஆயிலே இல்லாதது போல் காட்டும், ஏனென்றால் அது கீழே இறங்கியிருக்கும். அதைப் பார்த்துப் பதறி மேலே ஊற்றுகிறவர்கள் உண்டு. எஞ்சினைச் சூடாக்கி, அணைத்து, சற்றுப் பொறுத்துத்தான் பார்க்க வேண்டும். டேப்பெட் மூடி ஓரத்தில் லேசான எண்ணெய்க் கசிவு இருந்தால் பயப்பட வேண்டாம், ரப்பர் ரிங் மாற்றினால் போகும். வண்டி ஏற்கெனவே சூடாக இருந்தால் ஸ்டார்ட் பண்ணிக் காட்டச் சொல்லாதீர்கள், ஆறவிட்டு நீங்களே உதையுங்கள். கைமாறிக் கைமாறி வந்த வண்டிகளில் ஹேண்டில்பார், சைலன்சர், சீட் எல்லாம் இஷ்டத்துக்கு வெட்டி ஒட்டியிருப்பார்கள். ஒரிஜினல் பாகங்கள் கூடவே கிடைத்தால் மட்டும் அதற்குப் பணம் கொடுங்கள். 250 சிசிக்கு மேல் என்பதால் ஜப்பானில் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஷாக்கென் என்ற அரசு பரிசோதனை உண்டு, சத்தமான சைலன்சரோடு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

நிறுத்தும்போது சாதாரணக் கடைசிப் பதிப்பு 6,05,000 யென்னுக்கும், அந்த 1,000 வண்டிப் பதிப்பு 7,48,000 யென்னுக்கும் விற்றது. நிறுத்தப் போகிறார்கள் என்ற செய்தி வந்ததும் செகண்ட் ஹேண்ட் விலையும் எகிறியது. ஓட்டாமல் போர்த்தி வைத்து விலை ஏறக் காத்திருப்பவர்களிடம் போய் மாட்டாதீர்கள். 2001-க்குப் பிறகு வந்த, டிஸ்க் பிரேக் போட்ட கார்புரேட்டர் வண்டி, டேங்கில் இரண்டு கீறல் இருந்தாலும் பரவாயில்லை, தொடர்ந்து ஓட்டப்பட்ட வண்டியாகப் பாருங்கள். குளிர் அதிகமான ஊரில் இருந்தால் மட்டும் எஃப்ஐ. 500 கிடைத்தால் என்னிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.